ஆறுக்குப் பின்னால் ஒரு சைபர்

தெல்ஃபினா ஒந்திவேரோஸைக் கல்லூரியிலிருந்து நீக்கும் கடிதத்தை டைப் அடித்தவள் நான்தான். கையெழுத்து டீனுடையது, விரல்கள் என்னுடையவை. ஐந்து வரிக் கடிதம். அதில் அவள் பெயரை இரண்டு இடத்தில் தப்பாக அடித்தேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எழுத்துப் பிசகாமல் சொல்லக்கூடிய பெயர் அது. அன்றைக்கு எனக்குக் கை ஓடவில்லை. கணக்கையெல்லாம் சரியாகப் போட்ட ஒருத்தியை ஒரு முட்டைக்காக வெளியே தள்ளுகிறார்கள் என்பதை என் மண்டை ஏற்றுக்கொள்ளவே இல்லை.

என் பெயர் ஹெர்லிந்தா மொன்ரெயால். அரிசோனாவில் பியெத்ரா வெர்தே என்கிற எங்கள் செப்புச் சுரங்க ஊரில், சமூகக் கல்லூரியின் செவிலியர் துறை ஜன்னலுக்குப் பின்னால் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். விண்ணப்பம் வாங்குவதும், தேர்வு அறையில் காவல் இருப்பதும், அழுகிற பெண்களுக்குக் காகிதக் கைக்குட்டை நீட்டுவதும் என் வேலை. தெல்ஃபினாவின் சின்ன மகள் பெலெனுக்கு ஞானஸ்நானத்தில் நான்தான் ஞானத்தாய். அந்த உறவில் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் ‘கொமாத்ரே’ என்று கூப்பிட்டுக்கொள்வோம். உறவுக்காரியைத் தேர்வுக்குக் காவல் வைக்கலாமா என்று யாராவது கேட்டால், உறவில்லாதவளை இந்த ஊரில் எங்கே போய்த் தேடுவது என்று திருப்பிக் கேட்பேன்.

தெல்ஃபினாவுக்கு முப்பத்தொரு வயது. கணவன் ரமிரோ சுரங்கத்தில் வீடு உயர லாரி ஓட்டுகிறவன். நாலு நாள் வேலை, நாலு நாள் வீடு. இவள் ஒன்பது வருஷம் முதியோர் இல்லத்தில் உதவியாள். குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்கவைப்பது, அள்ளித் துடைப்பது எல்லாம் இவள் கை. அங்கே ஷிஃப்டுக்குத் தலைவியாக வந்தவள் இருபத்துமூன்று வயதுப் பெண், நாலு வருஷப் பட்டம் வாங்கிய செவிலி. தெல்ஃபினாவை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. ‘செல்லம், நாலாம் நம்பர் அறைல படுக்கைத் துணி மாத்திடு’ என்பாள். தெல்ஃபினா மாற்றினாள். மாற்றிவிட்டு அன்று மதியமே என் ஜன்னலில் வந்து நின்றாள்.

“கொமாத்ரே, ரெண்டு பட்டத்தையும் ஒண்ணாப் படிக்கற திட்டம் இருக்காமே. அதுக்கு ஃபார்ம் குடுங்க.”

“முதல்ல ரெண்டு வருஷப் படிப்பை முடி. லைசென்ஸ் வாங்கு. அப்புறம் நிதானமா பெரிய பட்டத்துக்குப் போ. ஊர்ல எல்லாரும் அப்படித்தானே பண்றாங்க.”

“அப்படிப் போனா அஞ்சரை வருஷம். சேத்துப் படிச்சா மூணு. வரிசைல நிக்க எனக்கு நேரமில்ல.”

“அப்படி என்ன அவசரம்?”

“அந்தப் பொண்ணோட நாற்காலில நான் உக்காரணும். உக்காந்து ஒரு தடவை அவளைச் செல்லம்னு கூப்பிடணும்.”

ஃபார்மைக் கொடுத்தேன். எங்களிடம் வகுப்பு, ஆய்வுக்கூடம், ஆஸ்பத்திரிப் பயிற்சி. அதே சமயம், மூன்று மணி நேரத் தொலைவில் இருக்கும் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல், ஆராய்ச்சி, சமூக நலம் என்று கம்ப்யூட்டர் வழியாக இன்னொரு படிப்பு. எங்கள் பட்டம் லைசென்ஸ் தேர்வு எழுத வைக்கும், அவர்கள் பட்டம் நாற்காலி வாங்கித் தரும். ஒரு நிபந்தனை உண்டு. எங்களிடம் இடம் போனால் அங்கேயும் தானாகப் போய்விடும். அந்த வரிக்குக் கீழே விரல் வைத்து, இங்கே கையெழுத்துப் போடு என்று காட்டியவளும் நான்தான்.

அதற்குப் பிறகு அவள் பட்ட பாடு, இரண்டு மாமியார் இருக்கிற வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள் பாடு. இரண்டு அடையாள அட்டை, இரண்டு கடவுச்சொல், இரண்டு மின்னஞ்சல். இங்கே கட்டுரையைச் சுருக்கு என்பார்கள், அங்கே நீட்டு என்பார்கள். ஒரு தடவை மலச்சிக்கல் வந்த நோயாளிக்கு எழுதிய பராமரிப்புத் திட்டத்தைப் புள்ளியியல் வாத்தியாருக்கு அனுப்பிவிட்டாள். ‘சுவாரசியமாக இருக்கிறது, ஆனால் சராசரி எங்கே?’ என்று அவர் பதில் போட்டார். அதைப் படித்துக் காட்டி என் ஜன்னலில் தலையை முட்டிக்கொண்டு சிரித்தாள். பச்சை மிளகாய் புரீட்டோ ரொட்டிச் சுருளை ஒரு கையில் பிடித்துத் தின்றுகொண்டே மறுகையால் டைப் அடிப்பாள். இரண்டு வருஷம் தாண்டிவிட்டாள். எங்களிடம் கடைசிப் பருவம், பதினைந்து வாரம் பாக்கி. அதற்குப் பிறகு பல்கலைக்கழகத்தில் ஒரு கோடைகாலம். அவ்வளவுதான் மிச்சம்.

ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் மருந்தளவுத் தேர்வு என்று ஒன்று உண்டு. இருபது கேள்வி. எத்தனை எடையுள்ளவருக்கு எத்தனை மருந்து என்று கணக்குப் போட வேண்டும். இருபதும் சரியாக இருந்தால்தான் தேர்ச்சி. மூன்று வாய்ப்பு, மூன்றிலும் தவறினால் வெளியே. ஒரு வருஷம் கழித்து மறுபடி விண்ணப்பிக்கலாம். இதை நடத்துகிறவர் மிஸஸ் ஹாஸ். இருதய வார்டில் இருபத்தாறு வருஷம் இருந்துவிட்டு வந்த அம்மாள். சிரித்து நான் பார்த்ததில்லை. தேர்வுக்கு ஒன்பது விதி உண்டு. அவர் சொல்லச் சொல்ல நான்தான் டைப் அடித்தேன். நாலாவது விதி: முழு எண்ணுக்குப் பின்னால் புள்ளியும் சைபரும் போடக் கூடாது, போட்டால் விடை தப்பு. அடிக்கும்போதே எனக்கு எரிச்சல் வந்தது. ஆறு என்றாலும் ஆறுதான், ஆறு புள்ளி சைபர் என்றாலும் ஆறுதான். வேலையற்ற பிடிவாதம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஜனவரியில் முதல் வாய்ப்பில் தெல்ஃபினா ஒரு கணக்கைப் பாதியிலேயே முழு எண்ணாக்கிவிட்டாள். கடைசியில்தான் ஆக்க வேண்டும் என்பது எங்கள் விதி. இரண்டாம் வாய்ப்பில் ஒரு விடைக்கு மில்லிலிட்டர் என்று எழுத மறந்தாள். மூன்றாவது ஒரு வியாழக்கிழமை காலை. நான் காவல். நாற்பது நிமிஷத்தில் எழுதி முடித்து, மூன்று தடவை சரிபார்த்து, என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டுத் தாளைக் கொடுத்தாள்.

மிஸஸ் ஹாஸ் அங்கேயே திருத்தினார். டிக், டிக் என்று பேனா ஓடியது. ஏழாவதில் நின்றது. பிறகு கடைசி வரை ஓடிவிட்டு மறுபடி ஏழாவதுக்கு வந்தது.

“தெல்ஃபினா, ஏழாவது கணக்குக்கு என்ன விடை?”

“ஆறு யூனிட் இன்சுலின், டீச்சர்.”

“தாள்ல என்ன எழுதியிருக்க, படி.”

தெல்ஃபினா குனிந்து பார்த்தாள். பார்த்தவள் நிமிரவில்லை.

“ஆறு புள்ளி சைபர்,” என்றாள்.

எனக்குப் புரிய இரண்டு நிமிஷம் ஆயிற்று. புள்ளியியல் வாத்தியாருக்கு எந்த விடையாக இருந்தாலும் புள்ளிக்குப் பின்னால் ஓர் இலக்கம் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் அரை மதிப்பெண் போகும். இலையுதிர் பருவம் முழுக்க அப்படி மதிப்பெண்ணைத் தொலைத்துவிட்டு, ‘சைபரை மறக்காதே’ என்று குளிர்ப்பெட்டிக் கதவில் எழுதி ஒட்டி, கையைப் பழக்கியிருந்தாள். பழகின கை இங்கேயும் போட்டுவிட்டது. ஒரு பள்ளிக்கூடத்தில் மட்டும் படிக்கிற யாருக்கும் இந்தத் தப்பு வந்திருக்காது.

“விடை சரிதானே, டீச்சர்,” என்று நான் குறுக்கே பாய்ந்தேன். காவல் இருப்பவள் பேசக் கூடாது. பேசினேன். “ஆறு ஆறுதானே. ஒரு முட்டைக்காகவா?”

“நாலாவது விதி, ஹெர்லிந்தா. நீ அடிச்சதுதான்.”

“நான் ஆயிரம் அடிப்பேன். நீங்க சொன்னீங்க, அடிச்சேன்.”

மிஸஸ் ஹாஸ் தாளின் மேல் பத்தொன்பது என்று எழுதி வட்டம் போட்டார். அன்று பிற்பகல்தான் அந்தக் கடிதத்தை நான் அடித்தது. மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் பல்கலைக்கழகத்திலிருந்தும் கடிதம் வந்துவிட்டது. அதை மனுஷர் யாரும் எழுதவில்லை. இங்கே பெயர் நீங்கியதும் அங்கே கம்ப்யூட்டர் தானாக எழுதிக்கொண்டது. இரண்டரை வருஷம் ஒருத்தி உயிரைக் கொடுத்துப் படித்தது ஒரு நாளுக்குள் இரண்டு இடத்திலும் துடைத்துப் போட்டாற்போல் போயிற்று. நான் திகைத்து உட்கார்ந்திருந்தேன். போனடித்தாலும் எடுக்கவில்லை.

மேல்முறையீடு செய்ய ஏழு நாள் அவகாசம். தெல்ஃபினா ஒரு நாள்தான் அழுதாள். இரண்டாம் நாள் புள்ளியியல் வாத்தியாருக்கு எழுதினாள். அவர் நல்ல மனுஷர். ‘அந்தச் சைபர் என்னால் வந்தது, இந்த மாணவியைத் தண்டிப்பதானால் என்னையும் சேர்த்துத் தண்டியுங்கள்’ என்று கையெழுத்துப் போட்டு அனுப்பினார். நானும் சும்மா இருக்கவில்லை. குழுவில் டீன் ஸ்டோடர்டோடு சேர்த்து ஐந்து பேர். ஒவ்வொருவரையும் உணவகத்திலும் வாகன நிறுத்தத்திலும் மடக்கிப் பேசினேன். வெல்டிங் வாத்தியார் முதலிலேயே சம்மதித்துவிட்டார். நூலகர் அம்மாளும் சரி என்றார். ஆங்கில வாத்தியார், “புள்ளிக்காக ஒரு பொண்ணோட வாழ்க்கையைக் கெடுக்கணுமா?” என்று எனக்கே எடுத்துச் சொன்னார். மூன்று ஓட்டு கையில். மிஸஸ் ஹாஸ் நாலாவது ஆள், அவரிடம் நான் போகவில்லை. கோபம்.

“கொமாத்ரே, ஜெயிச்சாச்சு. சும்மா வந்து உக்காரு,” என்று போனில் சொன்னேன்.

“வாயைக் கழுவுங்க. எண்ணி முடிக்கிற வரைக்கும் நான் நம்ப மாட்டேன்.”

புதன்கிழமை மதியம் இரண்டு மணிக்குக் கூட்டம். தெல்ஃபினா வெள்ளைச் சட்டை போட்டு, முடியை இழுத்துக் கட்டிக்கொண்டு வந்தாள். குழுவுக்கு அவள் விடைத்தாளை ஐந்து நகல் எடுத்து ஆளுக்கொன்று வைத்தேன். அசலை என் கோப்பில் வைத்துக்கொண்டு, நடப்பதைக் குறித்துக்கொள்ள ஓரத்தில் உட்கார்ந்தேன். அவள் நன்றாகப் பேசினாள். இரண்டு படிப்பு, இரண்டு விதி, எந்த வீட்டில் எந்தச் செருப்பைப் போடுவது என்று தெரியாமல் போனது, எல்லாவற்றையும் சொன்னாள். வெல்டிங் வாத்தியார் சிரித்தார். ஆங்கில வாத்தியார் தலையாட்டினார். மிஸஸ் ஹாஸ் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரி, ஓட்டுக்கு விடறதுக்கு முன்னால பதிவுக்காகப் படிச்சிடறேன்,” என்றார் டீன். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “ஏழாவது கேள்வி. நோயாளியின் எடை நூற்று முப்பத்திரண்டு பவுண்டு. இன்சுலின் கிலோவுக்கு யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு. மாணவி எழுதிய விடை, அறுபது யூனிட்.”

நான் அறுபது என்று எழுதிவிட்டுத்தான் நின்றேன்.

“ஆறு புள்ளி சைபர், சார்,” என்றாள் தெல்ஃபினா.

டீன் தாளை வெளிச்சத்தில் பிடித்தார். “இதுல அறுபதுன்னுதான் இருக்கு.”

“என்கிட்டயும் அறுபதுதான்,” என்றார் வெல்டிங் வாத்தியார்.

நூலகர் அம்மாள் தாளைக் கண்ணருகே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார், மறுபடி கொண்டுபோனார். ஐந்து நகலிலும் புள்ளி இல்லை. ஆறும் சைபரும் பக்கத்தில் பக்கத்தில் நல்ல பிள்ளைகளாக நின்றன. கோப்பைத் திறந்து அசலை எடுத்தேன். அதில் புள்ளி இருந்தது. பென்சிலால் வைத்தது, மெல்லியது, ஆனால் இருந்தது.

“என் நகல் மெஷின் தப்பு சார்,” என்றேன். “மை தீரப்போகுதுன்னு திங்கக்கிழமையே விளக்கு எரிஞ்சுது. மாத்தாம, பெட்டியைக் குலுக்கிப் போட்டு ஓட்டிட்டேன். அசல்ல இருக்கு பாருங்க. இருக்கு.”

அசல் மேஜையைச் சுற்றி வந்தது. எல்லாரும் மூச்சு விட்டார்கள். ஆங்கில வாத்தியார், “அப்ப மெஷின் தப்புக்கும் இந்தப் பொண்ணுக்கும் சம்பந்தமில்ல. ஓட்டுக்கு விடலாமே,” என்றார். டீனும் சரி என்றார். எனக்கு உயிர் வந்தது.

தெல்ஃபினா கையை நீட்டினாள். “ஒரு நகலை நான் பாக்கலாமா?”

டீன் தன்னுடையதைக் கொடுத்தார். அவள் அதை வெகுநேரம் பார்த்தாள். உதடு மட்டும் அசைந்தது. அறுபது, அறுபது என்று சொல்லிப் பார்க்கிறாள் என்று எனக்குப் பட்டது.

“ஓட்டு வேண்டாம், சார்,” என்றாள்.

“என்னது?” என்றேன் நான். பதிவு எழுதுகிறவள் கேட்கக் கூடாது.

“அந்த எடைக்கு அறுபது யூனிட் ஏத்தினா கொஞ்ச நேரத்துல வேர்த்துக் கொட்டும், நினைவு போயிடும். கவனிக்க ஆளில்லன்னா செத்துப்போவாங்க. நான் புள்ளி வெச்சேன். சத்தியமா வெச்சேன். ஆனா அஞ்சு பேர் பாத்தீங்க, அஞ்சு பேரும் அறுபதுன்னு படிச்சீங்க. நான் இங்க பக்கத்துல இருந்ததால இல்லன்னு சொல்ல முடிஞ்சுது. வார்டுல நான் எழுதிவெச்சிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன்.”

மிஸஸ் ஹாஸ் அப்போதுதான் தலையைத் தூக்கினார். அந்த அம்மாளுக்குக் கண் சிவந்திருந்தது. எனக்கோ யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. மேல்முறையீட்டை மாணவி திரும்பப் பெற்றார் என்று எழுதினேன். எழுதும்போது கூடவே பிரார்த்தித்தேன், இவள் மனம் மாற வேண்டும் என்று. மாறவில்லை.

வெளியே தாழ்வாரத்தில் பிடித்துக்கொண்டேன்.

“பைத்தியமா உனக்கு? மூணு ஓட்டு இருந்துச்சு. டீனையும் சேத்தா நாலு.”

“தெரியும், கொமாத்ரே.”

“தெரிஞ்சுமா இப்படிப் பண்ணின? அது என் மெஷின். நான் சோம்பேறித்தனமா மை மாத்தாம விட்டது. உன் தப்பு அதுல எங்க இருக்கு?”

“நீங்க ஆஸ்பத்திரி ஃபேக்ஸைப் பாத்ததில்ல. உங்க மெஷினைவிட மோசம்,” என்றாள்.

சொல்லிவிட்டு அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்து, தாழ்வாரம் முழுக்கக் கேட்கும்படி அழுதாள். தானே வேண்டாம் என்று விட்டதற்காக ஒருத்தி இப்படி அழுவதை நான் பார்த்ததில்லை. வகுப்புகளிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்குள் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. இருபத்திரண்டு வருஷமாக எத்தனை தாளை அந்த மெஷினில் போட்டு எத்தனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பேன்? தடுப்பூசிப் பதிவு, ரத்தப் பரிசோதனை, எதெல்லாமோ. ஒன்றையாவது அசலோடு ஒப்பிட்டுப் பார்த்தேனா?

அழுது முடித்து அவள் மூக்கைத் துடைத்தாள். கழுத்திலிருந்து இரண்டு அடையாள அட்டைகளையும் கழற்றி என் மடியில் வைத்தாள்.

“அடுத்த ஃபார்ம் எப்ப தருவீங்க?”

“அடுத்த ஜனவரி. கடைசிப் பருவத்தை மொத்தமா மறுபடி படிக்கணும்.”

“அந்த இன்னொண்ணு?”

“பல்கலைக்கழகம் திரும்ப எடுப்பாங்களான்னு எனக்குத் தெரியல. எடுக்கறது கஷ்டம்னுதான் கேள்வி. இங்கத்துப் பட்டத்தை மட்டும் முடிச்சுக்கயேன், தாயே. லைசென்ஸ் கிடைக்குமில்ல.”

தெல்ஃபினா எழுந்து சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். மாலை ஷிஃப்டுக்கு முதியோர் இல்லத்துக்குப் போக வேண்டும். அங்கே அந்தப் பெண் காத்திருப்பாள், செல்லம் என்று கூப்பிட.

“ரெண்டுக்கும் குடுங்க,” என்றாள்.